லீ கிராஸ்னர் – ஜாக்சன் போலாக்: யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள்?

செங்காவி:

ஓவியத் தம்பதியர் பற்றிப் பேசும்போதெல்லாம் "ஒருவரையொருவர் பாதித்தார்கள்" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாதித்தார்கள், சரி. எந்த ஆண்டில், எந்தப் படத்தில், கை வேலையில் எது மாறியது? அதைத்தான் இந்த இழையில் பார்க்க நினைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது அமெரிக்க அரூப ஓவியர்களான லீ கிராஸ்னர், அவர் கணவர் ஜாக்சன் போலாக் இருவரையும். 1945 அக்டோபர் 25இல் திருமணம். அடுத்த மாதமே நியூயார்க்கை விட்டு லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் குடியேறுகிறார்கள். வீட்டின் விலை 5,000 டாலர். அதில் 2,000 டாலர் போலாக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்த காலரிக்காரர் பெக்கி குகன்ஹைம் கொடுத்த கடன். 1956 ஆகஸ்ட் 11 இரவு கார் விபத்தில் போலாக் இறக்கும்வரை இருவரும் அங்கேதான் வரைந்தார்கள். ஆக, ஒரே வீட்டில் ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள்.

ஒரு வேண்டுகோள். "அவள் தியாகம், அவன் மேதைமை" என்ற பேச்சு வேண்டாம். பெயிண்ட், கேன்வாஸ், அறை, தேதி இவற்றை வைத்துப் பேசுவோம்.

கரித்துண்டு:

திருமணத்துக்கு முன்பிருந்து ஆரம்பித்தால்தான் கணக்கு சரியாக வரும். 1942 ஜனவரியில் ஓவியர் ஜான் கிரகாம் நடத்திய ஒரு காட்சியில் அமெரிக்க, பிரெஞ்சு ஓவியர்களின் படங்கள் சேர்ந்து வைக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் தனக்குத் தெரியாத ஒரு பெயர் இருப்பதைப் பார்த்துத்தான் கிராஸ்னர் போலாக்கைத் தேடிப் போனார். அப்போது அவருக்கு 33 வயது, போலாக்குக்கு 29. பயிற்சியிலும் தொடர்புகளிலும் கிராஸ்னர்தான் முன்னால் இருந்தார். நியூயார்க் கலைப்பள்ளிகளான கூப்பர் யூனியன், நேஷனல் அகாடமி, அப்புறம் 1937 முதல் ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மனின் பள்ளி.

ஹாஃப்மனிடம் அவர் கற்றதை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்: படப்பரப்பு தட்டையானது, ஆழத்தை வண்ணமும் வடிவமும் ஒன்றையொன்று முன்னே தள்ளி, பின்னே இழுத்து உண்டாக்க வேண்டும். மாடலைப் பார்த்துக் கரித்துண்டில் வரைவது, அழிப்பது, மறுபடி வரைவது. உருவம் சிதறிக் கட்டங்களாகும்வரை விடமாட்டார்கள். பிக்காஸோ, மாட்டிஸ், மோன்ட்ரியான் மூவரையும் கிராஸ்னர் இந்தப் பயிற்சி வழியாகத்தான் உள்வாங்கினார். போலாக் வந்த வழி வேறு: அமெரிக்க ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டனிடம் படிப்பு, மெக்ஸிகோ சுவரோவியர்கள், யுங் வழி உளவியல்.

கிராஸ்னர் ஹாஃப்மனைப் போலாக்கின் அறைக்கு அழைத்துப்போனார். இயற்கையைப் பார்த்து வரையுங்கள் என்று ஹாஃப்மன் சொல்ல, "நானே இயற்கை" என்று போலாக் பதில் சொன்னதாகக் கிராஸ்னரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். இதை எல்லோரும் போலாக்கின் திமிருக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். எனக்கு இது கிராஸ்னருக்கு விழுந்த அடியாகத் தெரிகிறது. பார்த்து வரைவதில்தான் அவருடைய முழுப் பயிற்சியும் நின்றது. அதற்குப்பின் 1946 வரை அவர் கேன்வாஸில் பெயிண்ட் மேலே பெயிண்டாக ஏறிக்கொண்டே போனது, படம் மட்டும் வரவில்லை. "சாம்பல் பலகைகள்" என்று அவரே சொன்ன அந்தப் படங்களில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. ஓவியர் டி கூனிங், விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், புகைப்படக்காரர் ஹெர்பர்ட் மாட்டர் எல்லோரையும் போலாக்குக்கு அறிமுகப்படுத்தியவர் கிராஸ்னர்.

ஈரச்சுண்ணம்:

தொடர்புகளைக் கலைத் தாக்கம் என்று கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. படத்துக்குள் வாருங்கள். 1946 முதல் 1950 வரை கிராஸ்னர் செய்த "லிட்டில் இமேஜ்" (சிறு படங்கள்) வரிசையைப் பாருங்கள்: பரப்பு முழுக்க ஒரே அடர்த்தி, நடுப்புள்ளி கிடையாது, எனாமல் சொட்டுகள். அதே ஆண்டுகளில் போலாக்கும் அதையே பத்து மடங்கு பெரிதாகச் செய்கிறார். பார்க்கிறவருக்கு இது கணவரின் முறையைச் சிறிதாக்கியதாகத்தானே தெரியும்?

மேல்மாடி:

1949இல் சிட்னி ஜானிஸ் காலரியில் கணவன் மனைவி ஓவியர்களுக்கென்றே ஒரு காட்சி நடந்தது, இவர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். மனைவிமார் கணவர்களின் பாணியை "ஒழுங்குபடுத்தித் தருகிறார்கள்" என்று அப்போது ஒரு விமர்சனம் வந்தது. உங்கள் கேள்வி அதே வாதம்தான். மரியாதையோடு மறுக்கிறேன், மூன்று சோதனைகள் வைத்து.

முதலில் தேதி. லிட்டில் இமேஜ் வரிசை 1946இல் தொடங்குகிறது. போலாக் பெயிண்டை ஊற்றி வரைவதை முழுமுறையாக்கியது 1947இல். 1946இல் அவர் செய்த "ஷிம்மரிங் சப்ஸ்டன்ஸ்", "ஐஸ் இன் தி ஹீட்" (வெப்பத்தில் கண்கள்) இரண்டிலும் ட்யூப் பெயிண்ட் தடிமனாகப் பிதுங்கிச் சுருண்டு கிடக்கிறது, சொட்டு அல்ல. கிராஸ்னரின் முதல் லிட்டில் இமேஜ்களிலும் அதே தடிமன், அதே ட்யூப், பேலட் கத்தி. ஒரே கட்டத்தில் இருவரும் ஒரே சிக்கலில் கை வைத்திருக்கிறார்கள். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்து அறை. 1946 தொடக்கத்தில் மாடிப் படுக்கையறையில் வரைந்தவர் போலாக். "தி கீ" என்ற படம் அந்த அறைத் தரையில் கிடத்தி நாலு பக்கத்திலிருந்தும் வரையப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் மாட்டிஸ் பக்கம் சாய்ந்த படம். அது கிராஸ்னர் பக்கத்து வண்ணம் என்றே சொல்வேன். பிறகு வீட்டுப் பின்புறமிருந்த களஞ்சியத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தார்கள், போலாக் அங்கே போனார், மாடி அறை கிராஸ்னருக்கு வந்தது. "சிறிதாக்கினார்" என்பதற்கு விடை இந்த அறைமாற்றத்தில் இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் கிராஸ்னரின் 1949ஆம் ஆண்டுப் பெயரிடாத படம் 121.9 × 93.9 செ.மீ. அதே இடத்தில் இருக்கும் போலாக்கின் "ஒன்: நம்பர் 31, 1950" ஏறத்தாழ 269 × 531 செ.மீ. பரப்பில் பன்னிரண்டு மடங்குக்கு மேல். படுக்கையறையில் அதை விரிக்கவே முடியாது.

மூன்றாவது, கையசைவு. இதுதான் முக்கியம். போலாக்கின் கோடு தோளிலிருந்து வருகிறது. படத்தைச் சுற்றி நடந்தபடி, ஓரத்தைத் தாண்டி வெளியே போய் மறுபடி உள்ளே வரும். கிராஸ்னரின் கோடு மணிக்கட்டிலிருந்து வருகிறது. மேசையில் கிடத்திய கேன்வாஸில் சின்னச் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு குறி, வரிசையாக எழுத்து எழுதுவதுபோல. சிறுவயதில் அவர் ஹீப்ரு எழுதக் கற்றவர். மேல் வலது மூலையில் தொடங்கி இடப்பக்கம் போகும் பழக்கத்தை அதோடு அவரே தொடர்புபடுத்திப் பேசியிருக்கிறார். கட்டம் வந்தது ஹாஃப்மனிடமிருந்து, எழுத்து வந்தது ஹீப்ருவிலிருந்து, போலாக்கிடமிருந்து வந்தது படுக்கவைத்த கேன்வாஸும் ஓடும் பெயிண்ட்டும். இப்படிப் பிரித்துச் சொன்னால் "பாதிப்பு" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

இன்னொரு ஜோடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947இல் கிராஸ்னர் வண்டிச்சக்கரத்தின் வளையத்தைச் சட்டமாக்கி இரண்டு மொசைக் மேசைகள் செய்தார். போலாக்கிடம் மீந்திருந்த மொசைக் சில்லுகள், உடைந்த கண்ணாடி, சாவி, நாணயம், போலி நகை எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. அதே 1947இல் போலாக்கின் "ஃபுல் ஃபேதம் ஃபைவ்": பெயிண்ட்டுக்கு அடியில் ஆணி, பொத்தான், சாவி, நாணயம், சிகரெட். சாவியும் நாணயமும் இரண்டிலும் இருக்கின்றன.

செங்காவி:

தோள், மணிக்கட்டு வேறுபாட்டைப் பெயிண்ட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தின் முன் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எனாமல்டப்பா:

கோட்டின் தடிமன் மாறும் இடத்தைப் பாருங்கள்.

கெட்டியான திரவம் இழையாக விழும்போது கை மெதுவாகப் போனால் இழை தானே சுருண்டு வளையம் போடும். தேன் ஊற்றும்போது நடப்பது அதே. கை வேகமெடுத்தால் சுருள் பிரிந்து கோடு நேராகிறது, மெலிகிறது. உயரம் கூடினால் சுருளும் கூடும். போலாக்கின் நீளக் கோடுகளில் இந்தச் சுருள் குறைவு, ஏனென்றால் உடம்பே நகர்கிறது. திரும்பும் இடத்தில் மட்டும் வேகம் குறைந்து கோடு தடித்துக் குளமாகிறது. கிராஸ்னரின் சொட்டுக் கோடுகளில் பாதை குட்டை, சில அங்குலம்தான். ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு மொட்டு நிற்கும். அந்த மொட்டுகளை எண்ணினால் கை எத்தனை முறை நின்று கிளம்பியது என்று தெரிந்துவிடும்.

கையால் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. 30 × 40 செ.மீ. ஹார்ட்போர்டு இரண்டு, பிரைமர் இரண்டு கோட், மேலே நடுத்தரச் சாம்பல் பூச்சு. கருப்பு, வெள்ளை எனாமல் தலா 100 மி.லி. முதலில் தின்னர் இல்லாமல் குச்சியை முக்கி 15 செ.மீ. தூக்குங்கள். இழை இரண்டு மூன்று விநாடியாவது அறுபடாமல் தொங்க வேண்டும். துண்டு துண்டாக விழுந்தால் பெயிண்ட் கெட்டி. தின்னரை ஒரு தேக்கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கிப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் தின்னர் அதிகமாகிவிட்டது, அதில் கோடு நிற்காது, பரவிக் கறையாகும். முதல் போர்டை மேசையில் வைத்து உட்கார்ந்து கொண்டு மணிக்கட்டால் மட்டும் செய்யுங்கள். அடுத்ததைத் தரையில் வைத்து நடந்துகொண்டே செய்யுங்கள், கோடு போர்டைத் தாண்டட்டும். காய்ந்தபின் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்: குளமாகத் தேங்கிய எனாமல் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாக இருந்து, பிறகு சுருங்கிச் சுருக்கம் விழும். போலாக்கின் படங்களிலேயே அந்தச் சுருக்கங்கள் இருக்கின்றன. தடித்த ஆயில் பெயிண்ட் காயும் முன்னே அதன்மேல் எனாமல் ஊற்றினால் மேல்தோல் விரிசல் விடும். லிட்டில் இமேஜ் மாதிரித் தடிமனுக்கு ஜிங்க் வெள்ளை வேண்டவே வேண்டாம், ஆண்டுகள் போகப்போக நொறுங்கும். டைட்டானியம் பயன்படுத்துங்கள்.

1951இன் கருப்புப் படங்கள் வேறு கதை. பிரைமர் இல்லாத பருத்திக் கேன்வாஸ், கருப்பு எனாமல். அங்கே பெயிண்ட் துணியில் ஊறுகிறது, கோட்டின் விளிம்பு மங்குகிறது. போலாக் சில படங்களுக்குப் பசைப் பூச்சு கொடுத்து அந்த ஊறலைக் கட்டுக்குள் வைத்தார். குச்சியோடு, சமையலறையில் இறைச்சிமேல் சாறு ஊற்றும் பெரிய பீச்சுக்குழலையும் எடுத்துக்கொண்டார். அது பெரியதொரு மைப்பேனாபோல வேலை செய்தது என்று சொன்னவர் கிராஸ்னர். இந்த விவரங்களுக்கு நமக்கிருக்கும் முக்கியச் சாட்சி அவர்தான்.

பசைக்கிண்ணம்:

அந்த 1951ஐ விட்டுவிடாதீர்கள், இருவருக்கும் இடையே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கொடுக்கல் வாங்கல் அங்கே இருக்கிறது.

போலாக் நீளத் துணிச்சுருளைத் தரையில் விரித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படங்களை வரைந்துகொண்டே போவார். எங்கே ஒரு படம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பது வரைந்தபிறகு முடிவாகும். அந்த நேரத்தில் கிராஸ்னரைக் களஞ்சியத்துக்குக் கூப்பிடுவார். இங்கே வெட்டலாமா? எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம்? முடிவெடுக்க முடியாமல் அவர் எவ்வளவு தவித்தார் என்பதையும் கிராஸ்னர் சொல்லியிருக்கிறார். ஓரம் எங்கே என்பதுதான் ஒரு படத்தின் அமைப்பு. அதைத் தீர்மானிக்கும்போது பக்கத்தில் ஹாஃப்மன் பள்ளியில் பழகிய ஒரு கண் இருந்திருக்கிறது.

அதே 1951 அக்டோபரில் பெட்டி பார்சன்ஸ் காலரியில் கிராஸ்னரின் முதல் தனிக்காட்சி. பார்சன்ஸிடம் அதற்காகப் பேசியவர் போலாக். எதுவும் விற்கவில்லை. பிறகு 1953இல் தன் அறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை மாட்டியிருந்த கருப்பு வெள்ளைச் சித்திரங்களைக் கிழித்துத் தரையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது தரையில் கிடந்த துண்டுகள் அவருக்குப் படமாகத் தெரிந்தன. அங்கிருந்து 1955 வரை கொலாஜ்தான். 1951 காட்சிக் கேன்வாஸ்கள் அடித்தளம், அவற்றின்மேல் கிழித்த சித்திரங்கள், சாக்குத்துணி, போலாக் கழித்துப்போட்ட கேன்வாஸ் துண்டுகள். "பால்ட் ஈகிள்" படத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் மெல்லிய கருப்பு இழைகள் ஓடிக்கொண்டிருந்து திடீரென்று ஒரு வெட்டு விளிம்பில் நின்றுபோகும். அந்த இழை போலாக்கின் கை. அது நிற்கும் இடம் கிராஸ்னரின் கை. ஓரத்தைத் தாண்டிப் போவதற்கென்றே விழுந்த கோட்டை அவர் ஓரம் வைத்து நிறுத்துகிறார். வெட்டுவது போலாக்குக்கும் புதிதல்ல, 1949இல் "அவுட் ஆஃப் தி வெப்" படத்தில் ஹார்ட்போர்டின் மேல்பரப்பையே வடிவங்களாகச் சீவி எடுத்திருக்கிறார். ஆனால் அவர் எடுத்துப் போட்டார், கிராஸ்னர் எடுத்து ஒட்டினார்.

இந்த முறையை முயல்பவர்களுக்கு: பழைய ஆயில் படத்தின்மேல் ஒட்டப்போகிறீர்கள் என்றால் மேற்பரப்பு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், தடித்த பூச்சுக்கு ஆறு மாதமாவது. வழவழப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகக் குறைத்துத் தூசியைத் துடையுங்கள். காகிதத்துக்கு அமிலமற்ற பி.வி.ஏ. பசை, நாலு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். காகிதத்தின் பின்பக்கத்திலும் ஒட்டும் இடத்திலும் தடவி, நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காகிதம் ஈரத்தில் விரிந்து அலையலையாக எழும். கேன்வாஸ் துண்டு கனமானது, அதற்குத் தண்ணீர் சேர்க்காத பசை, மேலே ஒட்டாத தாள், அதன்மேல் பலகை, எடை, ஒரு நாள். கேன்வாஸின் அடியிலும் பலகை கொடுங்கள், இல்லாவிட்டால் பிரேமின் குறுக்குச்சட்டம் முன்பக்கம் தடம் பதித்துவிடும். செய்தித்தாள் மஞ்சளாகும், அதைத் தடுக்க முடியாது.

ஈரச்சுண்ணம்:

தேதி, அறை இரண்டையும் ஏற்கிறேன். 1946க்கு நான் சொன்னது தவறு. ஆனால் கிராஸ்னரின் வார்த்தைகளையே சாட்சியாக அடுக்குகிறோமே, அதில் கவனம் வேண்டாமா? குகன்ஹைம் வீட்டுக்காகப் போலாக் 1943இல் வரைந்த "மியூரல்", சுமார் 2.4 × 6 மீட்டர், ஒரே இரவில் முடிந்தது என்று கிராஸ்னர் சொல்லி உலகமே நம்பியது. அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவனம் 2012 முதல் 2014 வரை அதைச் சீரமைத்தபோது அடுக்குகளைப் பரிசோதித்ததில், கீழ்ப்பூச்சு காய்ந்தபிறகு மேல்பூச்சு விழுந்த இடங்கள் பல என்று தெரிந்தது. ஒரே இரவில் அது நடக்காது.

மேல்மாடி:

நியாயம். அதனால்தான் சொல்லைவிடப் பொருளை நம்பச் சொல்கிறேன். கிராஸ்னர் சொன்னதைப் படத்தோடு ஒத்துப்பார்த்து, பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம்.

கரித்துண்டு:

பொருள் என்றால் அந்தக் களஞ்சியத்தைவிடப் பெரிய சான்று கிடையாது. 1953இல் போலாக் தரைமேல் ஹார்ட்போர்டு சதுரங்களைப் பதித்துப் புதுத்தளம் போட்டார். அவர் இறந்தபின், 1957 வாக்கில், கிராஸ்னர் மாடி அறையை விட்டு அங்கே மாறினார். அவர் தரையில் வரையவில்லை, கேன்வாஸைச் சுவரில் ஆணியடித்து நின்றுகொண்டு வரைந்தார். 1984இல் அவர் இறந்தபின், வீட்டை அருங்காட்சியகமாக்கும் வேலையில் அந்தச் சதுரங்களைப் பெயர்த்தார்கள். அடியில் பழைய பலகைத்தளம், ஊற்றி வரைந்த ஆண்டுகளின் சிதறல் அப்படியே இருந்தது. இப்போது மெத்தென்ற செருப்பு மாட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கலாம். தரையில் இருப்பது போலாக்கின் பெயிண்ட். சுவர்களில் இருப்பது கிராஸ்னரின் பெயிண்ட்: கேன்வாஸ் ஓரம் இருந்த இடத்தில் வெறுஞ்சுவர், அதைத் தாண்டித் தெறித்த கீற்றுகள்.

பெரிய அளவு அவருக்கு அந்த அறையோடு வந்தது. 1957ஆம் ஆண்டு "தி சீசன்ஸ்" 235.6 × 517.8 செ.மீ. போலாக்கின் அளவுதான். ஆனால் நின்று வரைந்ததால் புவியீர்ப்பு படத்துக்குள் வந்துவிட்டது. நீர்த்த பெயிண்ட் கீழ்நோக்கி வடிகிறது, உருண்டை வடிவங்களை ஒரு வீச்சில் தூரிகை சுற்றுகிறது. தரையில் வரைந்தவரின் பெயிண்ட் எந்தப் பக்கமும் வடியாது, விழுந்த இடத்தில் கிடக்கும். இருவரின் பெரிய படங்களைப் பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை. 1959இல் தொடங்கும் பழுப்புப் படங்களில் இது இன்னும் பலமாகத் தெரியும். தூக்கம் வராமல் இரவில் வரைந்தார், விளக்கு வெளிச்சத்தில் வண்ணத்தை நம்ப முடியாது என்று அம்பர் பழுப்பும் வெள்ளையுமாகக் குறைத்துக்கொண்டார். வீச்சு தோளிலிருந்து வருகிறது, கை எட்டும் எல்லைவரை. தோளை அவர் கையில் எடுத்தது போலாக் இல்லாத ஆண்டுகளில்.

அவர் ஹாஃப்மன் பள்ளியையும் கைவிடவில்லை. 1970களில் அந்தப் பழைய கரித்துண்டுச் சித்திரங்களைக் கண்டெடுத்து, வெட்டிக் கொலாஜ் செய்தார். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவ் அடிக்காமல் அடுக்கி வைத்திருந்ததால் ஒன்றின் கரி அடுத்த தாளின் பின்புறத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருந்தது. அந்த மங்கிய பதிவையும் சேர்த்தே வெட்டினார்.

செங்காவி:

கடைசியாக ஒன்று. இவர் சொன்னதை அவர் ஏற்காத இடம் ஏதாவது உண்டா? எடுத்துக்கொண்டதைப் பற்றியே பேசுகிறோம், மறுத்ததும் பாதிப்பின் பகுதிதானே.

பசைக்கிண்ணம்:

"ப்ராஃபஸி", 1956 கோடை. சதை நிறத்தில் பின்னிப் பிசையப்பட்ட உடல்கள், கருப்பு விளிம்பு, உயரமான கேன்வாஸ். மேல் வலப்பக்கத்தில் இருட்டுக்குள் ஒரு கண்ணைக் கீறி வைத்திருக்கிறார். அந்தப் படம் கிராஸ்னரையே பயமுறுத்தியது, போலாக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல படம்தான், அந்தக் கண்ணை மட்டும் எடுத்துவிடு என்றார் அவர். கிராஸ்னர் எடுக்கவில்லை. படத்தை ஈசலிலேயே விட்டுவிட்டு ஐரோப்பா போனார். போலாக்கின் சாவுச் செய்தி பாரிஸில் அவருக்குக் கிடைத்தது. திரும்பி வந்தபோது படம் அங்கேயே இருந்தது. அதே வரிசையில் "பர்த்", "எம்ப்ரேஸ்", "த்ரீ இன் டூ" மூன்றையும் அந்த ஆண்டே வரைந்தார். கண்ணை அழிக்கவில்லை, இன்றும் மேல் வலது மூலையில் கீறலாகத் தெரிகிறது.